பியானோ மக்கர் செய்தால்: நீங்களே பார்க்கக்கூடியதும் ஆளைக் கூப்பிட வேண்டியதும்

சென்னையில் சுவரோரம் நிற்கும் அப்ரைட் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. ஐப்பசி அடைமழை பிடித்ததும் போன் விடாமல் அடிக்கும். பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: "கீ உள்ளே போனா வெளியே வர மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் சில வீடுகளில் ஒரு பென்சிலை வெளியே எடுப்பதோடு என் வேலை முடிந்துவிடும். அதற்கு வந்துபோன கூலி வாங்க எனக்கே கூச்சமாக இருக்கும். வேறு சில வீடுகளில் நான் போவதற்குள் யாரோ தேங்காய் எண்ணெய் விட்டிருப்பார்கள். அரை மணி வேலை இரண்டு நாள் வேலையாகியிருக்கும். இந்த இரண்டு வகை வீட்டுக்காரர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். கிராண்ட் பியானோவுக்கு இதில் பாதிதான் பொருந்தும்.

## கை வைக்கும் முன்

ஒரு டார்ச், மென்மையான பெயின்ட் பிரஷ், நீள மூக்குச் சாமணம், ஸ்க்ரூ டிரைவர், ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர். இவ்வளவு போதும். எண்ணெய், டபிள்யூடி-40, ஸ்பிரிட், உப்புத்தாள் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. உள்ளே அசைகிற மூட்டு ஒவ்வொன்றும் ஃபெல்ட் துணிக்குள் சுழல்கிறது. துணி எண்ணெயைக் குடித்தால் ஊறி உப்பிவிடும், தூசியையும் சேர்த்து இழுத்து வைத்துக்கொள்ளும்.

மேல் மூடியைத் தூக்கினால் உள்பக்கம் இரண்டு ஓரத்திலும் திருகுகட்டையோ கொக்கியோ இருக்கும். அதைத் திருப்பி, முன்பலகையை இரண்டு கையாலும் பிடித்து மேலே தூக்கி எடுங்கள். கால் பக்கத்துப் பலகை, கீ வரிசைக்கு அடியில் உள்ள ஒரு ஸ்பிரிங் பட்டையில் மாட்டியிருக்கும். பட்டையை மேலே அழுத்தினால் பலகை கையோடு வந்துவிடும். இதற்கு மேல் எதையும் கழற்ற வேண்டாம். பியானோவைத் தனியாளாகச் சுவரைவிட்டு நகர்த்தவும் வேண்டாம். 200 கிலோவுக்கு மேல் இருக்கும், பாரம் எல்லாம் முதுகுப்பக்கம். சாய்ந்தால் பின்னால்தான் சாயும்.

## சத்தம் மொத்தமாக மங்கிவிட்டது

முதலில் நடுப் பெடலைப் பாருங்கள். பெரும்பாலான அப்ரைட்டில் அது ராத்திரியில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவில்லாமல் வாசிக்க வைத்த பெடல். மிதித்து இடப்பக்கம் தள்ளினால் அங்கேயே பூட்டிக்கொள்ளும். ஹாமருக்கும் (கம்பியைத் தட்டும் சின்னச் சுத்தியல்) கம்பிக்கும் நடுவே ஒரு ஃபெல்ட் திரை இறங்கும். பெருக்கித் துடைக்கும்போது துடைப்பம் பட்டே பூட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பெரம்பூரில் ஓர் அம்மா, "தம்பி, பியானோ ஊமையாயிடுச்சு, அவர் போன வருத்தம் போல" என்றார். பெடலை வலப்பக்கம் தட்டிவிட்டேன், சத்தம் வந்துவிட்டது. காசு வாங்கவில்லை, காபி குடித்தேன்.

பெடல் சரியாக இருந்தும் திரை மேலே ஏறவில்லை என்றால், கீழ்ப்பலகையைக் கழற்றிப் பெடலிலிருந்து மேலே போகும் மரக்கோல் அதன் குழியிலிருந்து நழுவியிருக்கிறதா பாருங்கள். நழுவியிருந்தால் திரும்ப உட்காரவையுங்கள்.

## கீ கீழேயே கிடக்கிறது, அல்லது மெதுவாக எழும்புகிறது

முதலில் எத்தனை கீ என்று எண்ணுங்கள். வழி அங்கேயே பிரிந்துவிடும்.

### ஒன்றிரண்டு கீ மட்டும் என்றால்

இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். பென்சில், ஒரு ரூபாய் நாணயம், ஹேர்பின், பிஸ்கட் தூள் எல்லாம் எடுத்திருக்கிறேன். சாமணத்துக்கு எட்டினால் எடுங்கள், உள்ளே தள்ளிவிடாதீர்கள்.

அடுத்து, ஆயுத பூஜை முடிந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கீ மேல் வைத்த சந்தனம் பக்கவாட்டில் வழிந்து, காய்ந்து, பக்கத்துக் கீயோடு ஒட்டிக்கொள்ளும். துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து, பக்கத்துக் கீயை அழுத்திப் பிடித்துக்கொண்டு இந்தக் கீயின் விலாவைத் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். அடுத்த வருஷம் மூடிக்குப் பொட்டு வையுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.

இரண்டும் இல்லையென்றால் முன்பலகையை எடுத்துவிட்டு மாட்டிக்கொண்டது கீயா ஹாமரா என்று பிரித்துப் பாருங்கள். அந்தக் கீக்குரிய ஹாமரை விரலால் கம்பிப் பக்கம் மெல்லத் தள்ளி விடுங்கள். பக்கத்து ஹாமர்கள் பட்டென்று திரும்பும். இது மட்டும் தூங்கி வழிந்துகொண்டு திரும்பினால் கோளாறு ஹாமரின் மூட்டில். அதன் நடுவே ஓடும் மெல்லிய ஊசியை ஈரத்தில் உப்பிய துணி இறுக்கிப் பிடித்திருக்கிறது. அறை காய்ந்தால் சில சமயம் தானே சரியாகும். ஒரு வாரம் பார்த்தும் சரியாகாவிட்டால் ஊசியை எடுத்து, துணியைச் சரிசெய்து, வேறு ஊசி போட வேண்டும். அது என் வேலை.

ஹாமர் ஒழுங்காகத் திரும்புகிறது, கீதான் கிடக்கிறது என்றால், கீயை நகத்தால் மேலே தூக்கிப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஒவ்வொரு கீயும் மயிரிழை அளவு ஆட வேண்டும். கொஞ்சமும் அசையாமல் விறைப்பாக நின்றால், கீக்கு அடியில் ஊசி நுழையும் குழியின் துணி வீங்கியிருக்கிறது. இதற்கென்று தனி இடுக்கி உண்டு. ஒரே அழுத்து, வேலை முடிந்தது. கீயின் விலாவை உப்புத்தாளால் தேய்த்து வைத்திருந்த ஒரு பியானோவைப் பார்த்தேன். பங்குனி வெயிலில் மரம் சுருங்கியதும் அந்தக் கீ பல் ஆடுவது போல ஆடியது.

### வரிசையாகப் பல கீ என்றால்

கீக்களின் நெற்றிக்கு முன்னால், வரிசை நெடுகவும் ஒரு மரப்பட்டை ஓடும். மழைக்காலத்தில் அது உள்பக்கம் வளைந்து கீக்களின் முகத்தில் உரசும். கண்டுபிடிப்பது எளிது. ஒட்டும் கீக்கு நேரே அந்தப் பட்டையை விரலால் உங்கள் பக்கமாக இழுங்கள். கீ "டப்" என்று எழும்பினால் குற்றவாளி அதுதான். பட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, பட்டைக்கும் அதற்குப் பின்னாலுள்ள மரத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நாலாக வெட்டி ஒரு துண்டு சொருகி, மறுபடி முடுக்குங்கள். சட்டைப் பையில் நான் எப்போதும் பழைய கார்டு வைத்திருப்பது இதற்குத்தான்.

பட்டையும் உரசவில்லை, ஆனாலும் இருபது முப்பது கீ ஒட்டுகிறது என்றால் ஒவ்வொரு கீயாகத் துரத்தாதீர்கள். அறைதான் நோயாளி. மீட்டரைப் பியானோ மேல் வைத்துப் பாருங்கள். 40 முதல் 60 சதவீதம் என்பார்கள். சாந்தோம், பெசன்ட் நகர்ப் பக்கம் கார்த்திகை மாதத்தில் மீட்டர் 80-ஐத் தாண்டி நிற்கும். ஏசியை ட்ரை மோடில் தினமும் சில மணி நேரம் ஓடவிட்டு ஒரு வாரம் பொறுங்கள். காற்று நேராகப் பியானோ மேல் அடிக்கக் கூடாது. எண்ணைக் குறைப்பதைவிட ஒரே இடத்தில் நிறுத்துவது முக்கியம்: ராத்திரி 50, பகலில் 85 என்று ஊஞ்சலாடுவதைவிட நாள் முழுக்க 65-இல் நிற்பது எவ்வளவோ மேல். பழைய காலத்து வீடுகளில் கால்பக்க அறைக்குள் குண்டு பல்பு எரியவிடுவார்கள். மரத்துக்கும் ஃபெல்ட்டுக்கும் பக்கத்தில் சூடான பல்பு எனக்குப் பயம். பியானோவுக்கென்றே குறைந்த வாட்டில் சூடேறும் குழாய்கள் விற்கின்றன, ஈரம் ஏறினால் மட்டும் எரியும் கட்டுப்பாட்டோடு. அவற்றை வாங்கி, தெரிந்த ஆளை வைத்து மாட்டுங்கள்.

ஒரு வாரம் அறை காய்ந்த பிறகும் மிச்சம் ஒட்டும் கீக்களுக்கு மட்டும் கூப்பிடுங்கள். முப்பதுக்குக் கொடுக்கும் கூலி ஐந்துக்கு ஆகாது.

## கீ அமுங்குகிறது, சத்தம் வரவில்லை

மெதுவாக அழுத்திக்கொண்டே உள்ளே பாருங்கள்.

ஹாமர் போகிறது, ஆனால் தலையைக் காணோம் அல்லது கோணிக்கொண்டு நிற்கிறது என்றால் தண்டு ஒடிந்திருக்கிறது. உடைந்த தலையைத் தேடி ஒரு கவரில் போட்டு வையுங்கள், பெரும்பாலும் ஒட்டிவிடலாம். ஃபெவி குவிக் கொண்டு நீங்களே ஒட்ட வேண்டாம். கோணம் கொஞ்சம் பிசகினாலும் பக்கத்துக் கம்பியையும் சேர்த்து அடிக்கும்.

முதல் தட்டுக்குச் சத்தம் வருகிறது, உடனே இரண்டாவது தட்டு தட்டினால் வெறும் "டொக்" என்றால், ஹாமரை உதைத்துவிடும் சின்ன மரத்துண்டு தன் இடத்துக்குத் திரும்பவில்லை. ஈரத்தில் இறுகியிருக்கலாம், அடியிலுள்ள ஸ்பிரிங் நழுவியிருக்கலாம். அறையைக் காயவிட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஆள் வர வேண்டும்.

ஹாமர் அசையவே இல்லை, கீ மட்டும் காற்றில் அழுத்துவது போல இருக்கிறது என்றால் ஆக்ஷனைக் கழற்றிப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஆக்ஷன் என்பது ஹாமர்களும் மூட்டுகளும் சேர்ந்த அந்த முழுச் சட்டம். நாலு திருகு கழற்றினால் வந்துவிடும் போலத்தான் தெரியும். தூக்கும்போது சாய்ந்தால் ஒரே நேரத்தில் பத்து ஹாமர் ஒடியும். வேண்டாம்.

ஹாமர் இரண்டு முறை அடிக்கிறது, தடுமாறுகிறது என்றால் அதன் கீழே தொங்கும் நாடாவைப் பாருங்கள். 88 ஹாமருக்கும் 88 நாடா, நுனியில் சின்னத் தோல் துண்டு, ஒரு கம்பிக் கொக்கியில் மாட்டியிருக்கும். கழன்றிருந்தால் சாமணத்தால் திரும்ப மாட்டிவிடலாம். பொறுமை உள்ளவர்கள் செய்யக்கூடிய வேலைதான். அறுந்திருந்தால், எப்படி அறுந்தது என்று பாருங்கள். நைந்து போயிருந்தால் வயது. கத்தரித்த மாதிரி இருந்தால், கீழே எலியைப் பற்றிய பகுதிக்கு வாருங்கள்.

## வாசித்தால் எங்கோ "ஜ்ஜிங்" என்று அதிர்கிறது

இதில் பியானோ நிரபராதி என்று முடியும் வழக்குகள்தான் அதிகம். மயிலாப்பூரில் ஒரு வீடு. நடு ஸி-க்குக் கீழே உள்ள எஃப்-ஐத் தொட்டால் மட்டும் ஈ ரீங்காரமிடுவது போல ஒரு சத்தம். எனக்கு முன் வந்தவர் சவுண்ட்போர்டில் (கம்பிகளுக்குப் பின்னால் அதிர்ந்து சத்தத்தைப் பெருக்கும் பெரிய பலகை) விரிசல், பெரிய வேலை என்று சொல்லிப் போயிருந்தார். நான் அந்த வீட்டுப் பெண்ணை எஃப்-ஐத் திரும்பத் திரும்பத் தட்டச் சொல்லிவிட்டு அறையைச் சுற்றி ஒவ்வொரு பொருளாகக் கை வைத்துக்கொண்டே போனேன். ஜன்னல் கண்ணாடி, ட்யூப் லைட் பட்டி, ஷோகேஸ். சுவரில் மாட்டியிருந்த தாத்தா படத்தின் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்ததும் ரீங்காரம் நின்றது. சட்டத்துக்குப் பின்னால் நாலு மடிப்புக் காகிதம், அவ்வளவுதான்.

நீங்களும் அந்த வரிசையில்தான் தேட வேண்டும். பியானோ மேல் இருக்கும் குத்துவிளக்கு, கொலுப் பொம்மை, மெட்ரோனோம் எல்லாவற்றையும் இறக்குங்கள். பிறகு அறை. பிறகு பியானோவின் வெளிப்பாகங்கள்: மூடியின் கீல், அதன் நடுவே ஓடும் கம்பி, பூட்டு, கழற்றி மாட்டிய பலகை. ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்வரத்தைத் தட்டச் சொல்லுங்கள். பிறகு கால்பக்கம் திறந்து, அடிப்பலகையில் விழுந்து கிடக்கும் பென்சிலையோ நாணயத்தையோ தேடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு சத்தம் நிற்கவில்லை, தாழ்ந்த ஸ்வரம் ஒன்றில் மட்டும் வருகிறது என்றால் கம்பியின் மேல் சுற்றிய தாமிரம் தளர்ந்திருக்கலாம். பல ஸ்வரங்களில் வந்தால் சவுண்ட்போர்டு, அதன் முதுகிலுள்ள மரச்சட்டங்களிலிருந்து விட்டிருக்கலாம். இரண்டுக்கும் ஆள் வேண்டும். விரிசல் இருப்பதாலேயே பியானோ செத்துவிட்டது என்று யாராவது சொன்னால் இன்னொருவரிடமும் கேளுங்கள். சத்தமே போடாத விரிசலோடு நன்றாகப் பாடும் பியானோக்கள் நிறைய.

## விரலை எடுத்தும் நாதம் நிற்கவில்லை

வலக்கடைசியில் சுமார் 20 கீக்களுக்கு நாதத்தை அடக்கும் டாம்பரே கிடையாது. அங்கே நிற்காமல் ஒலிப்பதுதான் முறை. இதற்காக என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

எல்லா ஸ்வரமும் நிற்கவில்லை என்றால் வலப் பெடல். மிதிக்கத் தொடங்கும்போது கொஞ்ச தூரம் வெறுமனே இறங்கி, பிறகுதான் பாரம் தட்டுப்பட வேண்டும். அந்த வெற்று இறக்கம் இல்லையென்றால் டாம்பர்கள் எப்போதும் பாதி தூக்கியே இருக்கின்றன. கீழ்ப்பலகைக்குள் பெடலோடு சேர்ந்த திருகாணியில் ஒரு நட்டு இருக்கும். அரைச் சுற்றாகத் தளர்த்தி, ஒவ்வொரு முறையும் வாசித்துப் பாருங்கள்.

ஒரே ஸ்வரம் என்றால் அந்த டாம்பர் கம்பியில் நேராக உட்காரவில்லை, அல்லது ஃபெல்ட் கல்லாகிவிட்டது, அல்லது ஸ்பிரிங் உடைந்தது. தொட வேண்டாம். டாம்பரைத் தாங்கும் கம்பியைக் கையால் வளைத்தால் மூன்றாவது முறை ஒடிந்துவிடும்.

## பெடல் கிறீச்சிடுகிறது

கீழ்ப்பலகையைக் கழற்றி, ஒருவர் மிதிக்க ஒருவர் காது வையுங்கள். மரமும் மரமும் உரசினால் மெழுகுவத்தியைத் தேயுங்கள். உலோகமும் தோலும் உரசினால் பென்சில் கரியை இழைத்துத் தூவுங்கள். எண்ணெய் மட்டும் வேண்டாம் என்று இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

## சுருதி விட்டுப்போயிற்று

முதலில் ஒரு எச்சரிக்கை. 88 கீக்களுக்கு ஏறக்குறைய 230 கம்பிகள். அத்தனையும் சேர்ந்து இழுக்கும் இழுவை 15 முதல் 20 டன். ஆன்லைனில் டியூனிங் லீவர் மலிவாகக் கிடைக்கிறது, வீடியோவும் கிடைக்கிறது. லீவரை ஒரு மயிரிழை சாய்த்துத் திருப்பினாலே கம்பி சுற்றியிருக்கும் டியூனிங் பின் வளையும், அது இறங்கியிருக்கும் குழி அகலும். அந்தப் பின்களைப் பிடித்திருக்கும் மரப்பலகைக்கு 'பின் பிளாக்' என்று பெயர்; நான் சரிசெய்தவற்றில் பல, ஈரம் கெடுத்தவை அல்ல, ஆர்வம் கெடுத்தவை. ஆகவே இங்கே உங்கள் வேலை கண்டுபிடிப்பது மட்டும்.

### மொத்தமாக இறங்கியிருக்கிறதா?

போனில் டியூனர் செயலியைத் திறந்து, இடமிருந்து 49-வது கீயைத் தட்டுங்கள். அதுதான் 440 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டிய ஏ ஸ்வரம். 438, 442 என்றால் சாதாரண டியூனிங். 430 காட்டினால் 40 சென்ட் இறங்கியிருக்கிறது (100 சென்ட் ஓர் அரைஸ்வரம்), அதாவது அரைஸ்வரத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அப்போது ஒரே தடவையில் சேர்த்தால் நிற்காது. முதலில் எல்லாக் கம்பியையும் ஏற்றி, பிறகு நுணுக்கமாகச் சேர்த்து, சில வாரம் கழித்து இன்னொரு தடவை வர வேண்டும். ட்ரினிட்டி, ஏபிஆர்எஸ்எம் இசைப் பரீட்சைக்கு முதல் நாள் கூப்பிடுபவர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. 2 மாதம் முன்பே கூப்பிடுங்கள்.

415-ஐத் தொட்டால் ஒரு முழு அரைஸ்வரம் இறங்கிவிட்டது. கம்பியில் துரு இருந்து, பியானோ பாட்டி காலத்தது என்றால் நான் 440-க்கு ஏற்றச் சம்மதிக்க மாட்டேன், கம்பி அறும். தனக்குள் ஒத்துப் போகும்படி கீழேயே சேர்த்துத் தருவேன். வயலினோடு சேர்ந்து வாசிக்க ஆகாது, வீட்டில் ஒருவர் வாசிக்க ஆகும்.

### நடுப்பகுதி மட்டும் கூடியிருக்கிறதா?

மழைக்காலத்தில் சவுண்ட்போர்டு ஈரம் குடித்து உப்பிக் கம்பியைத் தள்ளும், சுருதி ஏறும். வெயிலில் இறங்கும். அடைமழை நடுவில் சேர்த்தால் தையில் திரும்பச் சேர்க்க வேண்டியிருக்கும். வருஷத்துக்கு 2 தடவை: மழை ஓய்ந்து தையில் ஒன்று, ஆடியில் ஒன்று. அந்த அட்டவணையில் வைத்த வீடுகளில் எனக்கு வேலை குறைவு. வீடு மாற்றியிருந்தால் புது அறைக்குப் பழக 2, 3 வாரம் விட்டுக் கூப்பிடுங்கள்.

### ஒரே ஸ்வரம் "வ்வா வ்வா" என்று அலைகிறதா?

நடுவிலும் மேலேயும் ஒரு ஸ்வரத்துக்கு 3 கம்பி. அவற்றுள் ஒன்று நழுவியிருக்கிறது. விரலில் துணி சுற்றிக்கொண்டு (வியர்வை பட்டால் துரு) ஒவ்வொரு கம்பியாகத் தொட்டு அடக்கி, கீயைத் தட்டிப் பாருங்கள். எதைத் தொட்டதும் அலை நிற்கிறதோ அதுதான். சாக்பீஸால் பலகையில் குறித்து வையுங்கள், வருபவருக்கு நேரம் மிச்சம்.

சேர்த்துவிட்டுப் போன ஒரு வாரத்தில் அதே கம்பி மறுபடி நழுவினால், டியூனர் ஏமாற்றிவிட்டார் என்று நினைக்காதீர்கள். அந்தப் பின்னுக்குப் பிடிமானம் போய்விட்டது. மலிவிலிருந்து வரிசையாக: பின்னை இன்னும் கொஞ்சம் உள்ளே அடிப்பது, பின்னைச் சுற்றி நீர் போன்ற மெல்லிய பசையைச் சொட்டவிடுவது, எடுத்துவிட்டுப் பருமனான பின் போடுவது. ஒன்றிரண்டு பின் என்றால் கவலையில்லை. வரிசையாக இருபது முப்பது நழுவினால் பின் பிளாக்கே விரிந்திருக்கலாம். அதை மாற்றும் செலவில் நல்ல நிலையிலுள்ள ஜப்பான் அப்ரைட் ஒன்றைப் பழையதாக வாங்கிவிடலாம். மனசுக்கு ஒட்டிய பியானோ இல்லையென்றால் வாங்கச் சொல்லித்தான் நானே சொல்வேன்.

### கம்பி அறுந்துவிட்டது

அந்தக் கீயை வாசிக்காதீர்கள். தொங்கும் துண்டு பக்கத்துக் கம்பிகளைத் தொட்டால் நீளக் கையுறை போட்டு ஒதுக்கிவையுங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். தாமிரம் சுற்றியதாக இருந்தால் தூக்கிப் போட வேண்டாம். அதை மாதிரியாக வைத்துத்தான் புதிது சுற்ற வேண்டும். புதுக் கம்பி நீண்டுகொண்டே இருக்கும், சில தடவை சேர்த்த பிறகுதான் நிற்கும்.

## எலி, பூச்சி, கறையான்

கால்பக்கப் பலகையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை திறந்து டார்ச் அடியுங்கள். அரிசி போல எலிப் புழுக்கை, கத்தரித்த சிவப்பு ஃபெல்ட் துணுக்கு, கூடு கட்டச் சேர்த்த நாடாக்கள் கண்ணில் பட்டால் பியானோவைத் தொடர்ந்து வாசிப்பதை நிறுத்துங்கள். எலி மூத்திரம் கம்பியையும் பின்னையும் துருவேற்றும், அந்தத் துருவுக்கு மருந்து கிடையாது. விஷம் வைக்காதீர்கள், உள்ளேயே செத்துக் கிடக்கும். அதை எடுக்க ஆக்ஷனை முழுக்கக் கழற்றிய ஒரு நாளை நான் மறக்க முயல்கிறேன். பெடல் நுழையும் ஓட்டைக்குப் பின்னால் கம்பிவலை அடித்தால் போதும்.

மெல்லிய மண் கோடு சுவரிலிருந்து பியானோ முதுகுக்கு ஏறியிருந்தால் கறையான். முதலில் பூச்சிக்கொல்லி ஆளைக் கூப்பிடுங்கள். பியானோவுக்குள் மருந்தடிக்காமல் சுவரையும் தரையையும் கவனிக்கச் சொல்லுங்கள். பிறகு எனக்குப் போன்.

## போன் செய்யும்போது

"பியானோ சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். இடமிருந்து எத்தனையாவது கீ, மழைக்கு முன்பா பின்பா, மீட்டர் எத்தனை காட்டுகிறது, செயலியில் 49-வது கீ எத்தனை, கடைசியாக எப்போது சேர்த்தது. முன்பலகையை எடுத்து ஒரு வீடியோ அனுப்பினால் எந்தச் சாமானை எடுத்து வர வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும், இரண்டாவது தடவை வர வேண்டியிருக்காது.

வந்த பிறகு ஒன்றரை மணி நேரம் மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வியர்த்தால் பரவாயில்லை, துண்டு கொண்டு வருவேன். மிக்ஸி மட்டும் போடாதீர்கள்.